போடி மெட்டுத் தாருக்கும் ஏலக்காட்டுச் சகதிக்கும் ஒரே டயர்: ஏ.டி-யா, எம்.டி-யா?

#1 ஏலக்காட்டான் | போடிநாயக்கனூர்

எல்லோருக்கும் வணக்கம். வண்டி இசுசு வி-கிராஸ் பிக்கப், 1.9 டீசல், 4×4. கம்பெனியில் வந்த 255/60 ஆர்18 டயர் நாலும் கட்டை தேய்ந்து ஓரம் மொட்டையாகிவிட்டது. மழைக்கு முன்னால் மாற்றியாக வேண்டும்.

ஏலக்காடு கேரளாவில், இடுக்கி ராஜகுமாரிக்கு அந்தப் பக்கம். போடியில் கிளம்பினால் மெட்டு, பூப்பாறை வழியாக நாற்பது கிலோமீட்டர் சொச்சம் தார். மெட்டு ரோட்டில் மட்டும் 17 கொண்டை ஊசி. தார் முடிந்ததும் மூணு கிலோமீட்டர் ஜீப் ரோடு. கல்லும் குழியும்தான், அது பழகிப்போச்சு. கடைசியில் ஸ்டோருக்கு (ஏலக்காய் உலர்த்துகிற கட்டடம்) ஏறுகிற மேடுதான் பாடாய்ப் படுத்துகிறது. செம்மண்ணும் களியும் கலந்த மேடு. ஜூன் பிடித்தால் மழை விடுகிறவரை வண்டி பக்கவாட்டில் நடனம் ஆடும். பின்னால் உர மூட்டை இருந்தால் ஒருமாதிரி ஏறிவிடும். வெறும் வண்டியாக இருந்தால் ஏறாது.

போன மழையில் பல நாள் கீழேயே நிறுத்திவிட்டு நடந்துதான் போனோம். பக்கத்துக் காட்டுத் தம்பி எம்.டி (மட்-டெரெய்ன், சேற்று டயர்) போடச் சொல்கிறான். கடையில் ஏ.டி (ஆல்-டெரெய்ன், எல்லாத் தரைக்குமான டயர்) போதும் என்கிறார்கள். அம்மாவை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதும் இதே வண்டியில்தான். இரண்டு செட் வாங்கி மாற்றி மாற்றிப் போடுகிற வசதி இல்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 பட்டன்_பிரியன் | சென்னை

எம்.டி போடுங்க ப்ரோ, யோசிக்கவே வேணாம். வி-கிராஸுக்கு அந்த லுக்கே தனி. நான் என் மஹிந்திரா தார் ஜீப்புல போட்டிருக்கேன், ஓ.எம்.ஆர்-ல போனா திரும்பிப் பார்க்காத ஆள் கிடையாது. சத்தம் வரும், பாட்டைக் கொஞ்சம் ஏத்தி வெச்சுக்கணும், அவ்ளோதான்.

#3 மேற்குமலை | கோவை

தம்பி, ஓ.எம்.ஆர்-ல சேறு எங்கங்க இருக்கு? மெட்ரோ தோண்டின குழியத் தவிர?

ஏலக்காட்டான், உங்க கேள்விக்கு வர்றேன். பேரை மறந்துட்டு டயரோட முகத்தைப் பாருங்க. ஏ.டி-ல கட்டை கட்டையா இருந்தாலும் நெருக்கமா இருக்கும், ஒவ்வொரு கட்டையிலயும் பிளேடால கீறின மாதிரி மெல்லிசா கோடு இருக்கும். அந்தக் கீறல்தான் ஈரத் தாருல தண்ணியக் கிழிச்சு ரப்பரை ரோட்டுல உட்கார வைக்குது. எம்.டி-ல கட்டை பெருசு, இடைவெளி ரொம்பப் பெருசு, கீறல் கம்மி. முகப்புல பாதிக்குப் பாதி வெற்றிடம்னே வெச்சுக்கலாம். சேறு அந்த இடத்துக்குள்ள போய், சக்கரம் சுத்துற வேகத்துல வெளிய பறக்கணும்ங்கிறதுக்காக அப்படிச் செஞ்சது. அதே வெற்றிடம் தார் ரோட்டுக்கு வந்தா ரோட்டைத் தொடுற ரப்பர் குறைவுன்னு அர்த்தம்.

இந்த ஏ.டி-ங்கிற வகையே அப்படியொண்ணும் பழசு இல்லைங்க. பி.எஃப்.குட்ரிச் 1976-ல அந்தப் பேர்ல டயர் கொண்டு வந்தாங்க, மட்-டெரெய்ன் 1980-ல வந்தது. ரெண்டும் ஒரே வேலைக்குன்னா அவங்களே எதுக்கு ரெண்டு செய்யணும்?

உங்க கணக்கு எனக்கு இப்படித் தெரியுது. ஒரு நடைக்கு நாற்பது கி.மீ ஈரத் தார், மூணு கி.மீ கல்லு, கொஞ்சூண்டு சேறு. அந்தக் கொஞ்சத்துக்காக 17 கொண்டை ஊசியிலயும் பிரேக் தூரத்தைக் கூட்டிக்கப் போறீங்களா? மெட்டுல மூடுபனியில எதிர்ல ஜீப் வர்ற வேகம் உங்களுக்கே தெரியும்.

இன்னொண்ணு. பிக்கப்போட பின்பக்கம் வெறுமையா இருக்கும்போது இறகு மாதிரி. லீஃப் ஸ்பிரிங் விறைப்பா நிக்கும், பின் சக்கரத்து மேல எடையே இருக்காது. ஈரத்துல டூ வீல் டிரைவ்ல வளைவுல ஆக்சிலரேட்டர் கொடுத்தா வால் வெளிய போகும். கார்ல எம்.டி போட்டு ஓட்டினவங்க சொல்றத அப்படியே பிக்கப்புக்கு எடுத்துக்காதீங்க.

#4 தாண்டிக்குடி_காபி | கீழ்ப்பழனி மலை

கோவை அண்ணன் சொல்வது ரோட்டில் ஓடுகிற வண்டிக்குச் சரி. ஆனால் எல்லாரும் ஏ.டி, ஏ.டி என்று ஒரே பாட்டாகப் பாடுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

என் வண்டி தோட்டத்தை விட்டு வெளியே போவதே குறைவு. முன்பு ஏ.டி போட்டிருந்தேன். காய்ந்த நாளில் குறையே சொல்ல முடியாது. நல்ல மழையில் முதல் இருபது அடிக்குள் கட்டை இடுக்கெல்லாம் களி அடைத்துவிடும். அதற்குப் பிறகு அது ஏ.டி-யும் இல்லை, எச்.டி-யும் (சாதா ரோடு டயர்) இல்லை, மொட்டை டயர்தான். செருப்பில் களிமண் அப்பிக்கொண்டால் எப்படி வழுக்கும், அதே கதை. வண்டி பக்கச் சரிவில் மெதுவாக வடிகாலுக்குள் இறங்குவதை ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு வேடிக்கைதான் பார்க்க முடியும். எம்.டி போட்ட பிறகு அந்தச் சரிவில் ஓரக் கட்டை மண்ணைக் கடித்துப் பிடிக்கிறது. பக்கவாட்டுப் பிடிப்பில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஓட்டிப் பார்த்தால்தான் நம்புவீர்கள்.

பக்கச் சுவரும் தடிமன். வெள்ளைக் கல் விளிம்பில் உரசினாலும் சட்டென்று கிழியாது. ஏ.டி போட்டிருந்த காலத்தில் எனக்குப் பங்சரே பெரும்பாலும் பக்கச் சுவரில்தான். பக்கச் சுவர் கிழிந்தால் ஒட்ட முடியாது, தூக்கித்தான் போட வேண்டும்.

ஆகவே ஏலக்காட்டான், நீங்கள் காட்டிலேயே தங்குகிறவரா, ஏறி இறங்குகிறவரா? பதில் அங்கேதான் இருக்கிறது.

#5 செம்பனை_கமுந்திங் | பேராக், மலேசியா

வணக்கம் அண்ணன்களே. நான் இருப்பது தைப்பிங் பக்கம் கமுந்திங். சில்வர்ஸ்டோன் டயர் தொழிற்சாலை இருந்த ஊர். அவர்களுடைய எம்.டி-117-தான் இங்கே சேற்றுக்காரர்கள் எல்லாருக்கும் பழக்கமான டயர். 1997-இல் இருந்து நடக்கும் ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போட்டியில் வண்டி பாதி உயரம் சேற்றில் போவதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். எங்களுக்குச் செம்பனைத் தோட்டத்தில் மழைக்காலம் வந்தால் அதுதான் தினசரி வேலை.

இங்கே கிராணிமார் (தோட்டக் கணக்குப்பிள்ளைகள்) ஓட்டும் ஹைலக்ஸ் பிக்கப்பில் எம்.டி இருக்கும். தோட்டத்துக்கு வாரம் ஒரு தடவை வந்து போகும் மேலாளர் வண்டியில் ஏ.டி இருக்கும். அவர் நெடுஞ்சாலையில் கோலாலம்பூர் போக வேண்டும், கிராணி போக வேண்டியதில்லை. யாரும் இதில் சண்டை போட்டுப் பார்த்ததில்லை.

ஆனால் டயர் வாங்கும் முன்னால் ஒரு கேள்வி கேட்க வேண்டும். உங்கள் சேற்றுக்கு அடியில் என்ன இருக்கிறது?

ஒரு வகைச் சேறு மேலே நாலைந்து அங்குலம் கூழாக இருக்கும், அடியில் கெட்டி மண்ணோ பாறையோ இருக்கும். அங்கே வேலை என்ன? மேலே உள்ள கூழை வெட்டிக்கொண்டு கீழே உள்ள கெட்டியைத் தொட வேண்டும். அகலம் குறைந்த டயர் இங்கே அகல டயரைவிட நல்லது. எம்.டி கட்டை சுலபமாக வெட்டும். ஏ.டி-யும் வெட்டும், அடைத்துக்கொள்வதற்கு முன்னால் மேட்டைக் கடந்துவிட்டால்.

இன்னொரு வகைக்கு அடியே கிடையாது. தோண்டத் தோண்டக் கூழ். செம்பனை லோரி போய்ப் போய்ப் பள்ளம் விழுந்த தடத்தில் இதுதான். அங்கே எம்.டி போட்டு ஆக்சிலரேட்டரை மிதித்தால் டயர் தனக்குத்தானே குழி வெட்டிக்கொண்டு ஆக்சில் வரைக்கும் உட்கார்ந்துவிடும். அந்த இடத்தில் காற்றை இறக்கி, மிதந்து, நிற்காமல் மெல்லப் போக வேண்டும். அப்படியும் முடியாவிட்டால் வின்ச் (வண்டியை இழுக்கும் கம்பிக்கயிற்று உருளை).

மூன்றாவது, உங்கள் மேடு அதுவாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். மழையில் மேல்தோல் மட்டும் சவுக்காரம் போல வழுவழுத்து, ஒரு அங்குலத்துக்குக் கீழே கட்டாந்தரை. இதில் எம்.டி-யின் பெரிய கட்டைக்குக் கடிக்க ஆழமே இல்லை. பிளாட்ஃபார்ம் மேல் நிற்கிற மாதிரி நின்று வழுக்கும். கீறல் நிறைய உள்ள ஏ.டி இதில் பல நேரம் மேலாகவே இருக்கும்.

எம்.டி தானே சேற்றை உதறும் என்று எல்லாரும் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் சக்கரம் வேகமாகச் சுற்றினால்தான் உதறும். செங்குத்து மேட்டில், ஒரு பக்கம் பள்ளம் இருக்கும் இடத்தில், ஃபோர் லோவில் (நாலு சக்கரமும் இழுக்கும் மெதுவான கியர் நிலை) நத்தை மாதிரி ஏறும்போது எம்.டி-யும் அடைத்துக்கொள்ளும். போட்டிக்காரன் முழு த்ராட்டில் கொடுத்து உதறுவான். உர மூட்டையும் வேலையாட்களும் ஏற்றிக்கொண்டு நீங்கள் அப்படிச் செய்ய முடியாது.

ஆகவே போய்த் தோண்டிப் பாருங்கள்.

#6 மஸ்கட்_மணல் | ஓமன்

மணல்ல ஓட்டுறவன் சார்பா ரெண்டு வரி. இங்க எம்.டி போட்டு மணல் மேட்டுல ஏறுறவன நாங்கதான் கயிறு கட்டி இழுக்கிறோம். கட்டை மணலைத் தோண்டி உள்ள போயிடும். ஏ.டி-ல காத்தழுத்தம் 15 பி.எஸ்.ஐ வெச்சா மேல மிதந்து போகும். வாதியில (காஞ்ச ஆத்துப் படுகை) கூர்க்கல்லு மேல ஓடினா ரெண்டு டயர்லயும் கட்டை பிய்யும். உங்களுக்கு மணல் இல்ல, ஆனா காத்தை இறக்கிற பழக்கம் எல்லாத் தரைக்கும் உதவும். இதுவரைக்கும் இந்த இழையில யாரும் அதை விவரமாப் பேசலையே?

#7 ஏலக்காட்டான்

எல்லோருக்கும் நன்றி. தாண்டிக்குடி அண்ணே, நான் ஏறி இறங்குகிற ஆள். காடு பறிப்பு நேரத்தில் மட்டும் ஸ்டோரில் தங்குவேன்.

காற்று விஷயம்: எங்கள் டிரைவர் 35 வைத்தால் மைலேஜ் வரும் என்று எப்போதும் 35 வைக்கிறார். மேட்டிலும் அதே 35-தான். இறக்கிப் பார்த்ததே இல்லை. இறக்கினால் 60 புரொஃபைல் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடாதா?

அப்புறம், கடையில் 255/60 ஆர்18 அளவில் எம்.டி கேட்டால் கையை விரிக்கிறார்கள். 265/60 போடலாம் என்கிறார்கள். போடலாமா?

#8 பழைய_பிட்டர் | தேனி

தம்பி, நான் டயர் கழற்றி மாட்டியே வயசானவன். கடை இப்போ மகன் பார்க்கிறான், அதனால் சாவகாசமாக எழுதுகிறேன்.

முதலில் காற்று. ஒரு சக்கரத்தின் மேல் 500 கிலோ எடை என்று வைத்துக்கொள். 32 பி.எஸ்.ஐ-யில் அந்த எடையைத் தாங்க டயர் ஏறக்குறைய 220 சதுர செ.மீ தரையில் உட்கார வேண்டும். 20-க்கு இறக்கினால் அது 350-ஐத் தொடும். டயர் விறைப்பைக் கழித்தால் கொஞ்சம் குறையலாம், ஆனால் பெருக்கம் பெருக்கம்தான். இந்தக் கூடுதல் தடம் பெரும்பாலும் நீளவாக்கில் வரும், பிடிப்புக்கு அதுதான் வேண்டும். அதோடு டயர் நெளியும்போது கட்டை இடுக்கு திறந்து மூடும், அடைத்த மண் உதிரும். பைசா செலவில்லாமல் கிடைக்கிற இதைச் செய்யாமல் 35-ஐ வைத்துக்கொண்டு டயரைக் குறை சொல்லக் கூடாது.

உன் டயரின் பக்கச் சுவர் 153 மி.மீ (அகலம் 255-இல் 60 சதவீதம்). 20 வரை தைரியமாக இறக்கலாம், வேகம் 25-30-க்குள் இருக்க வேண்டும், ஸ்டீயரிங்கைச் சடாரென்று ஒடிக்கக் கூடாது. 15-க்குக் கீழே போகாதே, கழன்றால் அந்த மேட்டில் ஜாக்கி போட முடியாது. தாருக்கு வந்ததும் காற்றடித்தே ஆக வேண்டும். இறக்கிய காற்றோடு மெட்டு இறங்கினால் டயர் சூடாகிப் பிரிந்துவிடும். ஒரு நல்ல கம்ப்ரசர் வாங்கு. சிகரெட் லைட்டரில் செருகுகிற பொம்மை வேண்டாம், பேட்டரியில் நேராகக் கிளிப் மாட்டுகிற வகை வாங்கு.

அடுத்து அளவு. 265/60 ஆர்18 ஹைலக்ஸுக்குக் கம்பெனியே போடுகிற அளவு, அதனால் சந்தையில் சுலபமாகக் கிடைக்கும். உன் டயரைவிட விட்டம் 12 மி.மீ அதிகம். வண்டி 6 மி.மீ உயரும், ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது உண்மையில் 81 போவாய். ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்து உள் லைனரில் உரசுகிறதா என்று கடையிலேயே பார்த்துவிட்டுக் காசு கொடு. ஆனால் வண்டிப் புத்தகத்தில் உன் மாடலுக்குச் சொன்ன அளவு இல்லையென்றால் வாரண்டியிலும் இன்சூரன்ஸிலும் பேச்சு வர இடம் கொடுக்கிறாய். அதையும் யோசித்துக்கொள். சேற்றுக்கு அகலம் கூட்டுவதில் லாபமும் இல்லை, கமுந்திங் தம்பி சரியாகச் சொன்னார்.

பக்கச் சுவரில் எழுதியதைப் படிக்கப் பழகு. அளவுக்குப் பின்னால் 112 என்று இருந்தால் ஒரு டயர் 1120 கிலோ தாங்கும். 109 என்றால் 1030. கம்பெனி போட்ட எண்ணுக்குக் கீழே போகாதே, நீ மூட்டை ஏற்றுகிறவன். எண்ணுக்குப் பக்கத்தில் உள்ள எழுத்து வேகம். எம்.டி-யில் பெரும்பாலும் க்யூ என்று இருக்கும், அதாவது 160 கி.மீ. மெட்டில் அது போதும்.

அளவுக்கு முன்னால் எல்.டி என்று இருந்தால் லாரி ஜாதி டயர். சுவர் தடிமன், கல்லுக்கு நல்லது, ஆனால் அதே எடையைத் தாங்க அதிகக் காற்று கேட்கும். சாதா டயரில் 32 வைத்த இடத்தில் 38, 40 கூட வரலாம். கம்பெனி அட்டவணை கேட்டு வாங்கு. எல்.டி டயரைப் போட்டுவிட்டுப் பழைய 32-லேயே ஓட்டி ஓரம் தேய்த்துக்கொண்டு வருகிறவர்கள் ஏராளம். வெற்று வண்டியில் தூக்கிப் போடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அம்மாவை மதுரைக்குக் கூட்டிப்போகிற வண்டி என்றாய்.

தேதி பார். டாட் என்று தொடங்குகிற வரியில் கடைசி நாலு எண். 3523 என்றால் 2023-இன் 35-வது வாரம். 2020 ஜூனில் மத்திய அரசு டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு போட்ட பிறகு வெளிநாட்டு எம்.டி கிடைப்பது குறைந்தது. அதனால் எங்கேயோ மூலையில் கிடந்த பழைய சரக்கைப் புது விலைக்குத் தள்ளுகிறவர்களும் இருக்கிறார்கள். கட்டை முழுசாக இருக்கும், ரப்பர் இறுகிப் போயிருக்கும். இறுகிய ரப்பர் ஈரத்தில் பிடிக்காது.

கடைசியாக, எம்.டி பற்றி யாரும் சொல்லாத ஒன்று. சட்டப்படி 1.6 மி.மீ வரை ஓட்டலாம். ஆனால் எம்.டி பாதி தேய்ந்த அன்றே அதன் சேற்று வேலை முடிந்தது. அதற்குப் பிறகு தார் ரோட்டில் கூவிக்கொண்டு ஓடுகிற விலை கூடிய டயர், அவ்வளவுதான். தாரில் அதிகம் ஓட்டுகிறவன் அந்த முதல் பாதியைத் தாரிலேயே கரைத்துவிடுகிறான்.

#9 பட்டன்_பிரியன்

அய்யா சொல்றத பார்த்தா எம்.டி போட்டவன் எல்லாம் லூசு மாதிரி இருக்கே. பின்ன ஏன் அந்தப் பக்கம் ஜீப் எல்லாம் பட்டன் டயர்ல ஓடுது? சூரியநெல்லில இருந்து கொழுக்குமலை போற ஜீப்பைப் பாருங்க.

#10 பழைய_பிட்டர்

தம்பி, லூசு என்று யார் சொன்னது? அந்த ஜீப்பின் பிழைப்பே அந்தக் கல்லு ரோடுதான். வண்டியும் சின்னது, எடை குறைவு, அச்சுக்கு அச்சு நீளம் குறைவு. வி-கிராஸ் இரண்டு டன்னுக்குக் கிட்ட, சக்கரத்துக்குச் சக்கரம் மூணு மீட்டருக்கு மேல். ஜீப் திரும்புகிற இடத்தில் இது ரிவர்ஸ் எடுத்துத் திரும்ப வேண்டும். டயரை மட்டும் எடுத்துக்கொண்டு ஒப்பிட்டால் கணக்கு வராது.

நீ தாராளமாகப் போட்டுக்கொள், அழகுக்குப் போடுவது குற்றமில்லை. மழையில் முன் வண்டிக்கு இடைவெளி மட்டும் கூட விடு.

#11 வன்னிக்_கெப் | கிளிநொச்சி

நாங்கள் வயல் கரையில ஓடுற ஆக்கள். டபுள் கெப்புக்கு எம்.டி போட்டு மாரியில வயல் பாதையில இறக்கினன். நல்லா இழுக்கும். ஆனா பாதையைக் கிண்டிப் போட்டுடும். அடுத்த நாள் மோட்டார் சைக்கிளில வாறவைக்கும் சைக்கிளில போற பிள்ளைகளுக்கும் பாதை இல்லை. உங்கட காட்டுப் பாதை உங்கட மட்டுமா, ஊருக்கும் பொதுவா எண்டும் பாருங்கோ.

#12 ஏலக்காட்டான்

வன்னி அண்ணா, நல்ல கேள்வி. பாதை நாலு காட்டுக்குப் பொது. மழைக்காலத்தில் ஒருவர் தடத்தைக் கிண்டினால் மற்றவர்கள் போன் போட்டுத் திட்டுவது எங்கள் பக்கமும் உண்டு.

நேற்று கோடை மழை ஒன்று நல்லா அடித்தது. கமுந்திங் அண்ணன் சொன்னபடி கடப்பாரையை எடுத்துக்கொண்டு மேடு முழுக்கக் குத்திப் பார்த்தேன். வேலையாட்கள் கிணறு வெட்டப் போகிறீர்களா என்று சிரித்தார்கள்.

கீழ்ப்பாதியில் ஓர் அங்குலம்தான் வழுக்கல், அதற்குக் கீழே கடப்பாரை டங் என்கிறது. நடுவில் வளைவு இருக்கும் இடத்தில் மட்டும் மேலே இருந்து தண்ணீர் தடத்துக்குள்ளேயே இறங்குகிறது. அங்கே முழங்கை ஆழம் போகிறது, அடி தெரியவில்லை. இருபது முப்பது அடி நீளம் இருக்கும். அதற்கு மேலே மறுபடி கெட்டி. வண்டி எப்போதும் நிற்பதும் அந்த வளைவில்தான்.

டிரைவரைச் சம்மதிக்க வைத்து 22-க்கு இறக்கி, ஃபோர் லோவில் இந்தத் தேய்ந்த டயரிலேயே ஏறிப் பார்த்தோம். கீழ்ப்பாதி ஏறிவிட்டது, அவருக்கே ஆச்சரியம். வளைவில் நின்றுவிட்டது.

#13 செம்பனை_கமுந்திங்

அப்படியென்றால் கீழ்ப்பாதிக்கு ஏ.டி-தான், எம்.டி வீண். வளைவில் இருப்பது அடியில்லாத சேறு. அங்கே எம்.டி இருந்தால் கொஞ்சம் உதவும், ஆனால் இரண்டு டன் வண்டி மேட்டில் நின்று தோண்டினால் அடுத்த வாரம் அந்தக் குழி இன்னும் ஆழமாகும். இது டயர் பிரச்சினை இல்லை அண்ணன், தண்ணீர்ப் பிரச்சினை. தோட்டத்தில் நாங்கள் முதலில் செய்வது மேல் பக்கம் குறுக்கு வடிகால் வெட்டித் தண்ணீரைத் தடத்துக்குள் வராமல் திருப்புவது. பிறகு சரளைக் கல்.

#14 மேற்குமலை

நான் சொல்ல வந்ததை அவர் பாதி சொல்லிட்டாருங்க. மீதி நான் சொல்றேன். முப்பது அடின்னா அங்க ரெண்டு தடம் மட்டும் கான்கிரீட் போட்டுடுங்க. முழு ரோடு வேண்டாம், சக்கரம் போற இடத்துல ரெண்டடி அகலத்துக்கு ரெண்டு பட்டை, நடுவுல மண்ணு. ஈரமா இருக்கும்போதே குறுக்கால கோடு கீறி விட்டுடணும், இல்லைன்னா அதுவும் பாசி பிடிச்சு வழுக்கும். ஹை ரேஞ்சுல (இடுக்கி மலைப் பக்கம்) எத்தனை எஸ்டேட்ல இதைப் பார்த்திருப்பீங்க. நாலு காட்டுக்காரங்க பங்கு போட்டா எம்.டி-க்கும் ஏ.டி-க்கும் உள்ள விலை வித்தியாசத்துலயே உங்க பங்கு பெருமளவு அடைஞ்சிடும்.

வடிகாலை முதல்ல வெட்டுங்க. தண்ணியத் திருப்பாம கான்கிரீட் போட்டா அடியில அரிச்சு ஒரே மழையில தூக்கிட்டுப் போயிடும்.

#15 தாண்டிக்குடி_காபி

எம்.டி கட்சிக்காரன் நானே இப்போது ஏ.டி-க்குக் கை தூக்குகிறேன், உங்கள் மேட்டுக்கு மட்டும். என் தோட்டத்துக்கு இல்லை!

கான்கிரீட் போடுகிறவரைக்கும் ஒரு வழி இருக்கிறது. பழைய ஜீப் டிரைவர்கள் மழையில் பின் சக்கரத்துக்கு இரும்புச் சங்கிலி கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். ஏற்றத்தில் எடை பின்னால் சாய்வதால் பின் சக்கரத்தில் கட்டினால் போதும். களியில் சங்கிலிக்கு முன்னால் எந்த எம்.டி-யும் நிற்காது. ஆனால் உங்கள் டயர் அளவுக்கே செய்து வாங்க வேண்டும். தொளதொளவென்று இருந்தால் பிரேக் ஹோஸை அறுத்துவிடும். கட்டிய பிறகு கொஞ்ச தூரம் உருட்டி மறுபடி இறுக்குங்கள். தார் தொடுகிற இடத்தில் கழற்றிவிட வேண்டும். இறங்கும்போது கவனம், பின்னால் பிடிப்பு இருக்கும், முன்னால் இருக்காது, ஸ்டீயரிங் கேட்காது. முதல் கியரில் ஃபோர் லோவில் எஞ்சின் பிரேக்கிலேயே இறக்குங்கள்.

#16 ஏலக்காட்டான்

முடிவு சொல்லிவிடுகிறேன். 255/60 ஆர்18, அதே அளவு, ஏ.டி. தேனிக் கடையில் யோகோஹாமா ஜியோலாண்டரும் அப்பல்லோ ஆப்டெராவும் விசாரித்திருக்கிறேன். தேதியும் எண்ணும் பார்த்து எது புதுசோ அதை எடுப்பேன். கம்ப்ரசர் சொல்லியாகிவிட்டது. சங்கிலிக்கு ராஜகுமாரியில் ஒரு வெல்டிங் பட்டறைக்காரர் அளவு எடுத்திருக்கிறார். வடிகாலுக்கு ஞாயிற்றுக்கிழமை ஆள் விட்டிருக்கிறேன். கான்கிரீட்டுக்கு மூணு காட்டுக்காரர்கள் சரி என்கிறார்கள், நாலாமவர் எம்.டி வாங்கிக்கொள்கிறேன், எனக்கு ரோடு வேண்டாம் என்கிறார்.

பிட்டர் ஐயா, ஒரு சந்தேகம். ஸ்டெப்னி இன்னும் புதுசாகவே இருக்கிறது. நாலு வாங்கினால் போதுமா, ஐந்தா?

#17 பழைய_பிட்டர்

ஸ்டெப்னி பழைய எச்.டி, புதுசு ஏ.டி. அளவு ஒன்றுதான் என்றாலும் கட்டை உயரத்தால் விட்டம் கொஞ்சம் மாறும். ஃபோர் வீல் போட்டிருக்கும்போது நாலும் ஒரே விட்டம் இல்லையென்றால் டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) முறுக்கிக்கொள்ளும். பங்சர் ஆன நேரம் அதை மாட்டி டூ வீலில் கடை வரைக்கும் வரலாம். சேற்று மேட்டில் ஃபோர் வீலில் ஏற அது ஆகாது. உனக்குப் பங்சர் ஆவதோ காட்டுக்குள்தான். அதனால் ஐந்து வாங்கு. ஐந்தையும் சுற்றுக்கு விடு, 8000 கி.மீ-க்கு ஒருமுறை. ஏ.டி-யில் சுற்றாமல் விட்டால் கட்டை ஒரு பக்கம் சாய்ந்து தேய்ந்து எம்.டி மாதிரியே சத்தம் போட ஆரம்பிக்கும்.

நாலாம் காட்டுக்காரரிடம் கடப்பாரையைக் கொடுத்து அனுப்பு.

#18 ஹைலேண்டர்_நத்தம் | திண்டுக்கல்

இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். என்னிடம் இருப்பது இசுசு ஹை-லேண்டர் பிக்கப், டூ வீல் டிரைவ், 245/70 ஆர்16. மாந்தோப்புக்குப் போகும் வழியில் மழைக்கு மாட்டுகிறது. எம்.டி போட்டால் 4×4 மாதிரி ஏறுமா?

#19 பழைய_பிட்டர்

ஏறாது. பின்னால் ஒரு சக்கரம் வழுக்கினால் டிஃபரன்ஷியல் மொத்த சக்தியையும் அந்த வழுக்குகிற சக்கரத்துக்கே கொடுக்கும், டயர் பெயர் பார்க்காது. நாலுக்கும் ஏ.டி போடு. பின்னாலே மட்டும் போட்டால் ஈரத் தாரில் முன்னும் பின்னும் வேறு வேறு பிடிப்பு. மழைக்காலத்தில் பின் ஆக்சிலுக்கு நேர் மேலே நாலு மணல் மூட்டையைக் கட்டி வை, டெயில் கேட் பக்கம் வைக்காதே. காற்று 22. உன் பக்கச் சுவர் 171 மி.மீ, வி-கிராஸைவிட உனக்கு இறக்க இடம் அதிகம். மாட்டிக்கொண்டால் மிதிக்காதே, சேறு இன்னும் ஆழமாகும். மணல் மூட்டை ஒன்றைப் பிரித்துச் சக்கரத்துக்கு முன்னால் கொட்டு.